பதினெட்டுக் கல்

எங்கள் வீட்டுப் பின்கதவில் இருந்து கிணற்றடி வரைக்கும் பதினெட்டுச் சீமெந்துக் கல் பதித்திருந்தேன். ஒரு கல்லில் இருந்து அடுத்த கல்லுக்கு என் எட்டு ஒன்று. 2019 ஆவணியில், வேலையை விட்டு வந்த மூன்றாம் மாதம், யாரையும் உதவிக்குக் கூப்பிடாமல் ஒரு சனிக்கிழமை முழுக்க நின்று பதித்தது. மாரிக்குச் சேறு மிதிக்காமல் போய்வரலாம் என்று அம்மா மெச்சினார். மழைக்கு இன்னும் இரண்டு மாதம் கிடந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை.

சொந்த வளவு மண்ணில் எனக்குக் கால் வைக்க முடியவில்லை. அதுதான் விஷயம்.

அந்த மண்ணில் ஒன்றுமில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். மீள்குடியேற்றத்துக்கு முன்பே துப்புரவாக்கிய காணி. பிறகு ஒன்பது வருடம் நாங்களே கொத்தி, கூட்டி, வாழை நட்டு, ஆடு கட்டிய இடம். தலைக்குத் தெரிந்தது, காலுக்குத் தெரியவில்லை. கல் பதிக்கும்போதுகூட ஒன்றை வைத்து, அதில் ஏறி நின்றுதான் அடுத்ததை வைத்தேன்.

நான் எட்டு வருடம் கண்ணிவெடி அகற்றும் வேலை செய்தவள். 2011 இல் சேர்ந்தேன். வன்னியில் அந்த வேலைக்குப் பெண்கள் நிறையப் பேர் போனோம். புருசனை இழந்தவர்கள், காணாமல் போனவரைத் தேடிக்கொண்டு திரிந்தவர்கள், என்னைப் போல சின்னப் பிள்ளையோடு தனித்துப் போனவர்கள். மாதம் முடிய நிச்சயமாகச் சம்பளம் கையில் வரும் வேலை அப்போது வேறு என்ன இருந்தது? கூட்டில் அடைபட்ட கோழிபோல உடுப்புப் போட்டு, முகத்துக்குக் கண்ணாடி மறைப்புப் போட்டு, ஒரு மீற்றர் அகலப் பாதைக்குள் முழங்காலில் இருந்து மண்ணை றேக்கால் மெல்ல மெல்லத் தன் பக்கம் இழுக்க வேண்டும். முன்னுக்குச் சிவப்புத் தடி, பின்னுக்குத் துப்புரவாக்கிய நிலம். பாகிஸ்தானில் செய்த பி-4 மிதிவெடி உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அதில் உலோகம் மிகக் குறைவு, கருவி லேசில் கத்தாது. அதனால்தான் றேக். மரப்பெட்டிக்குள் செய்த ஜொனி மிதிவெடி வேறு. பெட்டி உக்கிப் போயிருந்தாலும் உள்ளே இருப்பது உக்காது.

முகமறைப்புக்கு வைசர் என்று பெயர். வெயிலில் உள்ளே வேர்த்து ஊற்றும்போது நாங்கள் அதை ‘விசர்’, அதாவது பைத்தியம், என்போம். “விசரைக் கழட்டிப்போட்டு ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு வாறன்.” பத்து வருடத்தில் அந்தப் பகிடி எனக்கே திரும்பி வரும் என்று யார் கண்டது.

2017 இல் எனக்கு மூன்றாவது பாதையில் வேலை செய்த அக்காவுக்கு வெடித்தது. உயிர் தப்பினார், இன்றைக்கும் பேசிக்கொள்வோம். அவர் பட்டது அவருடைய கதை, இங்கே எழுதமாட்டேன். என்னுடையது இவ்வளவுதான்: ஸ்ட்ரெச்சரின் ஒரு முனை என் கையில். துப்புரவாக்கிய பாதையால் மட்டும் வர வேண்டும், ஓடக்கூடாது. பயிற்சியில் முதல் நாள் சொல்லித் தருவது அதுதான், ஓடாதே. நாற்பது மீற்றர் இருக்கும். அக்கா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். நான் ஓடாமல் நடந்தேன். அந்த நடைதான் எனக்குள் தங்கிவிட்டது. கனவில் வெடிச் சத்தம் வருவதில்லை, நடந்துகொண்டே இருப்பேன், பாதை முடியாது.

அதற்குப் பிறகும் இரண்டு வருடம் வேலை செய்தேன். ஒன்றும் ஆகவில்லை. வேலை நின்ற பிறகுதான் எல்லாம் கிளம்பியது. நித்திரை இல்லை. பக்கத்து வீட்டில் குப்பை வாரும் சத்தம் கேட்டால் கழுத்து விறைக்கும். மகன் நாவற்பழம் பொறுக்கப் பற்றைக்குள் இறங்கினான் என்று அடித்திருக்கிறேன், தடி முறியுமட்டும். ஊரில் “அவளுக்கு விசர்” என்று பேச்சு வந்தது. வேலைத்தளத்தில் முன்பு ஒருநாள் உளவளத்துணை வகுப்பு வைத்தார்கள். பாயில் இருத்தி, கண்ணை மூடி, மூச்சை இழுத்து விடச் சொன்னார்கள். கண்ணை மூடியதும் எனக்குப் பாதை தெரிந்தது. எழும்பி வந்துவிட்டேன்.

ஐப்பசியில் ஆஸ்பத்திரி மனநலக் கிளினிக்குக்குப் போனேன். தம்பியின் மனைவி கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள் என்பதே சரி. டொக்டர் ஒரு பெயர் சொன்னார்: நெருக்கீட்டுக்குப் பிந்திய மனவடு. குளிசை தந்தார். நித்திரை கொஞ்சம் வந்தது. பிறகு ஒருநாள், “வெளியில நடவுங்கோ, காத்துப் படட்டும்” என்றார். “எங்க டொக்டர் நடக்கிறது?” என்று கேட்டேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. “உங்கட கால் நம்பிற மாதிரி ஒரு இடம் யோசிச்சு வாங்கோ” என்றார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். இயற்கையோடு இருந்தால் மனம் ஆறும் என்பது இப்போது எல்லோரும் சொல்வது. இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரைக் கேட்டு 2019 இல் வெளிவந்த ஆய்வு ஒன்றை மகன் போனில் வாசித்துக் காட்டினான். வாரத்துக்கு 120 நிமிடமாவது மரம், கடற்கரை, பூங்கா என்று இருந்தவர்கள் தங்கள் உடம்பும் மனமும் நன்றாக இருப்பதாக மற்றவர்களைவிடக் கூடுதலாகச் சொன்னார்களாம். நல்லது. ஆனால் அந்த 20,000 பேருக்கும் புல்லைக் கண்டால் அது புல்லுத்தான். வெளிநாடுகளில் போருக்குப் போய்வந்த சிப்பாய்களை மலைக்கும் ஆற்றுக்கும் கூட்டிப்போகிறார்கள். அவர்கள் போர் நடந்த இடத்தை விட்டு வந்து, வேறொரு காட்டுக்குள் போய் ஆறுகிறார்கள். நாங்கள் அதே காட்டில்தான் இருக்கிறோம். விறகு எடுப்பதும் அங்கேதான், மாடு மேய்ப்பதும் அங்கேதான். ஆகவே எங்களுக்கு ஆரம்பம் மரத்திலோ பறவையிலோ இல்லை. கால் வைக்கும் இடத்தில்தான்.

ஒரு கிழமை யோசித்தேன். கிளிநொச்சி இரணைமடுக் குளக்கட்டு என்று விடை வந்தது.

காரணம் அழகு இல்லை. அது கனகராயன் ஆற்றை மறித்துக் கொட்டி, உருட்டி, இறுக்கிய மண். அண்மையில்தான் திருத்தி வேலை செய்திருந்தார்கள். கனமான லொறியும் உருளையும் அதன்மேல் எத்தனை தரம் ஓடியிருக்கும் என்று எனக்குத் தெரியும். ‘பயமில்லை, வா’ என்று யாரும் சொன்னால் காது கேட்காது. ஆனால் லொறி ரயர் போன தடம் எனக்கு ஒரு அத்தாட்சி. உங்களுக்கும் இப்படி ஒன்று இருந்தால், மற்றவர்கள் நல்லது என்று சொல்லும் இடத்தைத் தேடாதீர்கள். உங்கள் பயம் எந்த அத்தாட்சியை ஏற்றுக்கொள்ளும் என்று பாருங்கள். ஒருவருக்குத் தார் ரோட்டு, இன்னொருவருக்குக் கோவில் வீதி. ஆம்புலன்சில் வேலை செய்த ஒருவருக்கு ரோட்டுத்தான் ஆகாமல் இருந்தது. அவர் வயல் வரம்பில் தொடங்கினார்.

துணைக்குப் பெரியப்பா வந்தார். எழுபது வயது, கமக்காரர், அதிகம் பேசாதவர். கனகாம்பிகை அம்மன் கோவிலடியில் மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டுக் காலை ஆறரைக்குக் குளக்கட்டில் ஏறுவோம். முதல் நாள் இருபது நிமிடம். ரயர் தடத்துக்குள் மட்டும் நடந்தேன், சப்பாத்துப் போட்டு, குனிந்த தலை நிமிராமல். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ பெரியப்பா சொன்னார்:

“பிள்ளை, நிலத்தைப் பாத்து நடக்கிறது நல்லதுதான். ஆனா எனக்குக் கண் தெரியேல்ல. அந்தப் பலகையில தண்ணி எத்தினை அடி எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லு.”

அவருக்குக் கண் நன்றாகத் தெரியும். அது எனக்குப் பிறகுதான் விளங்கியது. கார்த்திகை மாதம், குளத்துக்குத் தண்ணீர் ஏறும் காலம். துருசடியில் (மதகடியில்) அளவுப் பலகையைப் பார்க்க வேண்டுமென்றால் தலை நிமிர வேண்டும். நாளுக்கு நாள் மாறுகிற ஒன்றைப் பார்த்தால், நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் சொல்ல வேண்டும். நான் மகனின் பழைய கொப்பி ஒன்றை எடுத்து எழுதத் தொடங்கினேன்: திகதி, தண்ணீர் அடி, கண்ட பறவை, இரவு எத்தனை மணித்தியாலம் நித்திரை. நாலு நிரல். இதை மட்டும் எல்லோருக்கும் சொல்வேன், ஒரு கொப்பி வைத்திருங்கள். ‘இன்றைக்கு மனம் எப்படி’ என்றெல்லாம் எழுதப் போனால் ஒரு கிழமையில் விட்டுவிடுவீர்கள். எண்ணக்கூடியதை எழுதுங்கள். தை மாதம் திருப்பிப் பார்த்தபோது, தொடர்ந்து மூன்று நாள் கட்டுக்குப் போன கிழமைகளில் நித்திரை நிரல் நாலில் இருந்து ஐந்தரைக்கு வந்திருந்தது. கிளினிக்கில் அதைக் காட்டினேன். டொக்டர் குளிசையின் அளவை யோசிக்க அந்தக் கொப்பிதான் உதவியது. நடக்கிறோம்தானே என்று குளிசையை நாமே நிறுத்தக் கூடாது. நான் ஒருதரம் நிறுத்தி, பத்து நாள் பட்டேன்.

கண்ணைத் திறந்தே மூச்சு விடலாம் என்பதையும் குளக்கட்டில்தான் கண்டுபிடித்தேன். செத்த மரக்கொப்பில் நீர்க்காகம் செட்டையை விரித்துக் காயப் போட்டுக்கொண்டு இருக்கும். அது செட்டையை மடிக்கும் வரைக்கும் மூச்சை எண்ணுவேன். சில நாள் நூறு தாண்டும்.

இடையில் ஒரு சறுக்கல். காலபோகம் விளைந்து நின்ற தை மாதம், முத்தையன்கட்டுப் பக்கம் இருந்த பெரியப்பாவின் வயலுக்கு இரவுக் காவலுக்கு நானும் போனேன். துணிவு வந்துவிட்டது என்ற நினைப்பு. பரணில் இருந்து தேத்தண்ணி குடித்தோம், நட்சத்திரம் பார்த்தோம். பன்னிரண்டு மணிபோல அடுத்த வயலில் யானைவெடி போட்டார்கள். பிறகு நடந்தது எனக்கு நினைவில்லை. நினைவு வரும்போது பரணுக்குக் கீழே சேற்றில் முகம் குப்புறக் கிடந்தேன், இரண்டு கையும் தலைக்குமேல்.

பெரியப்பா என்னைத் தொடவில்லை. எட்டத்தில் குந்தியிருந்து, சாதாரணக் குரலில் சொல்லிக்கொண்டே இருந்தார். “நான் பெரியப்பா. இது எங்கட வயல். அது யானைவெடி. யானை போயிட்டுது. உனக்கு முன்னால வரம்பு, வரம்பில என்ர ரோச் லைற் கிடக்கு. எடு.” ரோச்சை எடுக்கக் கை நீட்டியதும்தான் உடம்பு எனக்குத் திரும்பி வந்தது.

இந்த மாதிரி ஒருவரோடு இருப்பவர்கள் இதைப் படித்து வைத்துக்கொள்ளலாம். பின்னால் இருந்து பிடிக்காதீர்கள், உலுக்காதீர்கள், அழாதீர்கள். ஆளின் பெயர், இடத்தின் பெயர், சத்தத்தின் பெயர். பிறகு கைக்கு ஒரு சின்ன வேலை. பெரியப்பாவுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவரும் 2009 இறுதிப் போரைக் கடந்து வந்தவர்தான். இங்கே யாரைத் தொட்டாலும் ஒன்று இருக்கும். உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் ‘கூட்டு மனவடு’ என்று எழுதுவதற்கு எனக்கு அந்த இரவுதான் அர்த்தம்.

மறுநாள் பெரியப்பா அடுத்த வயல்காரரிடம் போய்ப் பேசினார். அதன்பிறகு அவர்கள் வெடி போடுவதற்கு முன் போன் எடுத்து, “அண்ணை, போடப் போறம்” என்பார்கள். அவ்வளவுதான். வருகிறது என்று தெரிந்தால் அந்தச் சத்தத்தை என்னால் தாங்க முடிகிறது. கோவில் திருவிழா, கலியாண வீடு, எல்லாவற்றுக்கும் இப்போது இதையே செய்கிறேன்: எத்தனை மணிக்கு வெடி கொளுத்துவீர்கள் என்று வெட்கப்படாமல் கேட்பேன். முன்பு ஒளித்துக்கொண்டு வீட்டில் இருந்தேன், அதைவிட இது லேசு.

2020 பங்குனியில் கொரோனா ஊரடங்கு. கட்டுக்குப் போக வழியில்லை, கொப்பியில் அந்த மாதங்கள் வெறுமையாகக் கிடக்கின்றன. நித்திரை மறுபடி குறைந்தது. அதைப் பற்றி எழுத வேறு ஒன்றும் இல்லை.

திரும்பப் போனபோது ஆனி மாதம். சிறுபோகத்துக்குத் தண்ணீர் போய்க் குளம் வற்றத் தொடங்கி, அலைகரைப் பக்கம் நிலம் வெடித்துக் கிடந்தது. குளக்கட்டில் இருந்து இறங்குவதா இல்லையா என்று இரண்டு கிழமை நின்றேன். கடைசியில் மாடுகள் தண்ணீருக்குப் போய்வந்த தடத்தைப் பார்த்து, அதன் வழியே இறங்கினேன். மாட்டுக் குளம்பு எனக்கு இரண்டாவது அத்தாட்சி.

ஐம்பது அடி போயிருப்பேன். ஆட்காட்டி கத்திக்கொண்டு தலைக்குமேலால் வந்தது. போனது, திரும்பி வந்தது. நான் அப்படியே நின்றேன். அது யோசித்து நின்றதல்ல, எட்டு வருடப் பழக்கம். ஏதோ சரியில்லை என்றால் நில், காலை அசைக்காதே, உன் காலடியில் இருந்து தொடங்கி இடம் வலமாகப் பார். நிறம், வடிவம், ஒழுங்கு. இயற்கையில் இல்லாத ஒழுங்கைத் தேடு. ஒரு மீற்றர், அதற்கு அடுத்த மீற்றர். மூன்றாவதில் கண்டேன்: மண்ணிறத்தில், கரும்புள்ளி போட்டு, கூர்முனைகள் உள்நோக்கிச் சேர்ந்தபடி நாலு முட்டை. கூடு என்று ஒன்றுமில்லை, நிலத்தில் ஒரு சின்னப் பள்ளமும் நாலைந்து பருக்கைக் கல்லும். என் அடுத்த எட்டு அதற்கு ஒரு முழம் தள்ளி விழுந்திருக்கும்.

பெரியப்பாவைக் கூப்பிட்டேன். சுற்றிக் கல் வைத்து அடையாளம் போடக் குனிந்தேன், அதுவும் பழக்கம்தான். “வையாத மோனை, காகம் பாத்திடும்” என்றார். அடையாளம் போடாமல், வந்த என் காலடிகளிலேயே பின்னுக்கு எட்டு வைத்துத் திரும்பினேன். குளக்கட்டில் ஏறி இருந்த பிறகு எனக்கு அழுகை வந்தது. ஏறத்தாழ மூன்று வருடத்துக்குப் பிறகு வந்த அழுகை.

உடம்பு செய்தது எல்லாம் வேலையில் செய்ததுதான், ஒன்றும் மாறவில்லை. கண்டது மட்டும் வேறு. அதுவரைக்கும் இந்தக் கூர்மையை எப்படியாவது அணைக்க வேண்டும், மற்றவர்களைப் போல சும்மா நடக்க வேண்டும் என்றே முட்டிமோதிக்கொண்டிருந்தேன். அன்றைக்குப் பிறகு அணைக்க முயலவில்லை, அதற்கு வேறு வேலை கொடுத்தேன். கொப்பியில் ஐந்தாவது நிரல் வந்தது: ‘நிலத்தில்’. முட்டை, கறையான் புற்று, உடும்புத் தடம், புடையன் கழற்றிய சட்டை. பாலைப்பழக் காலத்தில் கரடி வந்துபோன அடையாளமும் ஒருநாள் கண்டோம், அன்றைக்குப் பெரியப்பாதான் முதலில் திரும்பினார்.

பயம் முழுப் பொய்யும் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017 இல் சேர்ந்தது, அகற்றும் வேலை அதற்குப் பிறகும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. புதிதாக வெட்டும் காடு, பழைய மண் அணை, பங்கர்க் குழி, வெள்ளம் அரித்த வாய்க்கால் ஓரம் இவற்றில் ஆறுதல் தேடிப் போகாதீர்கள். சிவப்பு மண்டையோட்டுப் பலகை பழசாகி விழுந்து கிடந்தாலும் அது பலகைதான். துருப்பிடித்த எதையும் தொடாமல், வந்த வழியே திரும்பி, கிராம சேவையாளருக்கோ பொலிசுக்கோ சொல்லுங்கள். வன்னியில் விடியலும் மைம்மலும் யானைக்கு உரிய நேரம், காட்டோரம் என்றால் வெயில் ஏறிய பிறகு போங்கள். வெறுங்காலோடு சேற்றில் நிற்பது நல்ல சுகம், எனக்குச் சப்பாத்தைக் கழற்ற ஏழு மாதம் பிடித்தது. ஆனால் காலில் காயம் இருந்தால் வேண்டாம், வயல் தண்ணீரில் எலிக்காய்ச்சல் இருக்கிறது. குளத்தில் முதலையும் இருக்கிறது.

என்னோடு வேலை செய்த இரண்டு பேர் பிறகு எங்களோடு கட்டுக்கு வந்தார்கள். ஒருத்தி இன்றைக்கும் வருகிறாள், தூண்டில் போட்டு யப்பான் மீன் பிடிப்பாள், அவளோடு வேலைக் கதை பேசுவதில்லை. மற்றவளுக்குச் சரிவரவில்லை. வெளி அவளுக்கு இன்னும் கூடுதலாகப் பதற்றம் தந்தது. அவள் இப்போது தையல் மெசினோடு இருக்கிறாள், நல்லாகத்தான் இருக்கிறாள். இன்னொருவரை ஆறுதலுக்கு முல்லைத்தீவுக் கடலுக்குக் கூட்டிப்போவோம் என்று ஒருவர் சொன்னார். கடல்தானே என்று. போர் முடிந்த அந்தக் கரை எங்களில் எத்தனை பேருக்கு வெறும் கடல்? கூட்டிப்போக முன்னம் அந்த ஆளைக் கேளுங்கள். இரவில் தாங்க முடியாமல் போனால் 1926 என்ற தேசிய மனநல நிறுவன இலக்கத்துக்கு எடுக்கலாம். நான் ஒருதரம் எடுத்திருக்கிறேன்.

போன வருடம் மகன் கோழிக்கூடு கட்டக் கல் தேடினான். நானே போய்ப் பதினொரு கல்லைக் கிளப்பிக் கொடுத்தேன். கல் இருந்த இடத்தில் மண் வெளிறிச் சதுரமாகக் கிடந்தது, அடியில் மண்புழு. மிச்சம் ஏழும் கிணற்றடிப் பக்கம் இன்னும் கிடக்கின்றன. மாரிக்கு நல்லது என்கிறார் அம்மா.